கண்மாய்க் கரை கசிகிறது, யாரிடம் போவது?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர்க் கண்மாய் ஜமீன் காலத்தது. ஆயக்கட்டு (அதில் பாயும் நிலம்) 70 ஏக்கர். ஐப்பசி மழையிலிருந்து நடுமடைக்குக் கிழக்கே கரையின் வெளிப்பக்கம் கசிகிறது. ஊராட்சியில் கேட்டால் பொதுப்பணித் துறை என்கிறார்கள், அங்கே போனால் 'எங்கள் கண்மாய் இல்லை' என்கிறார்கள். ஜமீன் வாரிசு என்று ஒருவர் வந்து, கரையில் யாரும் கை வைக்கக் கூடாது என்கிறார். கலிங்கில் (உபரி நீர் வழிந்து வெளியேறும் இடம்) மணல் மூட்டை அடுக்கி இரண்டடி கூடுதலாகத் தேக்கியிருக்கிறோம். கரை தாங்குமா?
- வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: முதலில் மூட்டையை எடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

போகிறபோக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. கலிங்கு மட்டத்துக்கு மேல் கரை உயர்ந்து நிற்பது வெள்ளத்துக்கும் அலைக்கும் இடம் விட்டுத்தான். அதில் இரண்டடியை நீங்கள் தின்றுவிட்டீர்கள். மண்கரைக்கு மேலே தண்ணீர் வழிந்தால் வெளிச்சரிவை அறுத்துக்கொண்டே போய்க் கரையையே உடைத்துவிடும். மூட்டைகளை ஒரேயடியாக உருவாமல், மேல் வரிசையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். கீழ்க் கண்மாய்க்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள், உங்கள் தண்ணீர் அங்கேதான் போகும்.

சரி, கசிவு. ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக, அளவு கூடாமல் வந்தால் பழைய கரைக்கு அது சகஜம். தினமும் ஒரு ஆள் பார்த்துவந்தால் போதும். கலங்கலாக வந்தால் கரைக்குள்ளிருந்து மண் போகிறது என்று அர்த்தம். உடனே மடையைத் திறந்து நீர்மட்டத்தை இறக்குங்கள். வெளிப்பக்கம் களிமண்ணை அப்பி அடைக்காதீர்கள், வேறு பக்கம் பீறிடும். கசியும் இடத்தில் மணலும் அதன்மேல் ஜல்லியும் பரப்பினால் தண்ணீர் வரும், மண் நிற்கும். மடையை ஒட்டியே கசிகிறதென்றால் இன்னும் கவனம் தேவை. கல்கட்டும் மண்ணும் சேரும் இடம்தான் எந்தக் கண்மாயிலும் பலவீனமானது. கரையில் சீமைக்கருவேலம் இருந்தால் கண்மாய் நிறைந்திருக்கும்போது பிடுங்க வேண்டாம். கோடையில் வேரோடு எடுத்து, குழியில் மண்ணிட்டுக் கெட்டிக்க வேண்டும். வெட்டிவிட்டுக் கட்டையை விட்டால் வேர் மக்கிய வழியே தண்ணீருக்குக் குழாய் ஆகிவிடும்.

வாரிசுக்காரர் விஷயம் லேசானது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தில் ஜமீனின் பாசனக் கண்மாய்களும் அரசுக்குப் போய்விட்டன. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டை (ஊரின் நிலக் கணக்கு) பாருங்கள். புறம்போக்கு என்றிருந்தால் பேச்சு முடிந்தது.

பராமரிப்பு யார் பொறுப்பு என்பதற்கு ஆயக்கட்டுதான் கணக்கு. 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை (பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்தது), அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். உங்களுக்கு 70 ஏக்கர் என்பதால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள், ஆட்சியருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். கசியும் தண்ணீரில் கலங்கல் கூடினால் மனுவெல்லாம் எழுதிக்கொண்டிருக்காமல் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐ அழையுங்கள். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டத்தை நம்பி இருக்காதீர்கள். அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கும்தான். ஊர்க் கண்மாய் அந்த உயரத்துக்கு எங்கே வரப்போகிறது!

கோடையில் வண்டல் அள்ள அனுமதி வாங்கினால், கரையின் உள்பக்க அடியை ஒட்டித் தோண்ட விடாதீர்கள். கரைக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் தடுப்பதே அங்கே படிந்திருக்கும் வண்டல்தான்.