பிள்ளைகளுக்குக் கண்நோய், இப்போது கணவருக்கும் ஒரு கண் சிவந்துவிட்டது. ஒரே துளிமருந்தை எல்லாருக்கும் விடலாமா?

(கேள்வியின் சுருக்கம்: கிளிநொச்சியில் கண்டாவளைப் பக்கம் வீடு. போன கிழமை இரண்டு பிள்ளைகளுக்கும் கண்நோய் வந்தது, ஆஸ்பத்திரியில் துளிமருந்து தந்தார்கள். நேற்று முதல் கணவருக்கும் வலக்கண் சிவந்திருக்கிறது. அதே மருந்தை அவருக்கும் விடலாமா? பிள்ளைகளை எப்போது பள்ளிக்கூடம் அனுப்பலாம்? அம்மம்மா தாய்ப்பால் விடச் சொல்கிறா, அது சரியா?)

வேண்டாம். அந்தப் போத்தலை அவருக்கு விடாதீர்கள். முடிந்தால் இன்றைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணைக் காட்டுங்கள்.

நீங்கள் பேச்சோடு பேச்சாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நெல் தூற்றிக்கொண்டு நிற்கும்போது கண்ணுக்குள் ஏதோ விழுந்ததாம், இப்போது வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசுகிறதாம். அதைப் படித்தவுடன்தான் இந்தப் பதிலை எழுதத் தொடங்கினேன். வன்னியில் கிராம ஆஸ்பத்திரிகளில் பல காலம் தாதியாக வேலை செய்தவள் நான். வீட்டில் பிள்ளைகளுக்குக் கண்நோய் இருக்கிற நேரத்தில் பெரியவரின் கண்ணும் சிவந்தால், அதுவும் அதே நோய் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு வேறு வேறு நோய்களாக இருக்கலாம்.

முதலில் பிள்ளைகள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது வழக்கமான தொற்றுக் கண்நோய்தான். தடிமன், தொண்டை நோவோடு வந்து, ஒரு கண்ணில் தொடங்கி, ஓரிரண்டு நாளில் மற்றக் கண்ணுக்கும் போயிருக்கிறது. தண்ணீர் போல வடிகிறது, மண் விழுந்ததுபோலக் கரகரக்கிறது. இது பெரும்பாலும் வைரஸால் வருவது, அதிலும் கூடுதலாக அடினோவைரஸால். முதல் நாலைந்து நாள் கூடிக்கொண்டு போவதுபோலத்தான் தெரியும். ஒன்றிலிருந்து இரண்டு கிழமைக்குள் தானாகவே மாறிவிடும். குளோரம்பெனிக்கோல் போன்ற துளிமருந்துகள் வைரஸைக் கொல்லாது. பக்டீரியாவால் வந்த கண்நோய்க்குத்தான் அவை. அதில் துடைக்கத் துடைக்க நாள் முழுக்க மஞ்சளாகவோ பச்சையாகவோ தடித்த பீளை கட்டும். காலையில் மட்டும் இமை ஒட்டிக்கொள்வது இரண்டிலும் உண்டு, அதை வைத்து முடிவு எடுக்க முடியாது. ஆஸ்பத்திரியில் பார்த்துத் தந்த மருந்தென்றால் சொன்ன நாள் வரைக்கும் விடுங்கள். ஆனால் ஒரு போத்தல் ஒரு ஆளுக்கு மட்டும்தான். நுனி இமையில் முட்டினால் அடுத்த ஆளின் கண்ணுக்கு நோயை நாமே கொண்டுபோய் விடுகிறோம்.

(இரண்டு கண்ணும் சேர்ந்து கடிகடியென்று கடித்து, தும்மலும் வந்தால் அது ஒவ்வாமை. அது தொற்றாது.)

இனி உங்கள் கணவரின் கண். நெல்லின் சுணையோ, சப்பியோ, வைக்கோல் துரும்போ கருவிழியில் ஒரு கீறல் போட்டால் போதும், அதன் வழியாகப் பூஞ்சணம் உள்ளே இறங்கும். இரணைமடுக் குளத்துக்குக் கீழே காலபோகம் வெட்டுகிற மாதங்களிலும், சிறுபோகம் வெட்டுகிற நேரத்திலும், அறுவடை மெசினுக்குப் பக்கத்தில் நின்றவர்கள், நெல் காயப்போட்டு அள்ளியவர்கள் என்று கண்ணைப் பொத்திக்கொண்டு வருவார்கள். தொடக்கத்தில் வெறும் சிவப்புத்தான். சில நாள் போனபிறகுதான் கருவிழியில் சாம்பல் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். அந்தப் புண்ணைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்து, நாட்டமைசின் போன்ற பூஞ்சண மருந்தைத் தொடக்கத்தில் மணிக்கு ஒருமுறை விட்டு, கிழமைக் கணக்கில் வைத்தியம் செய்யவேண்டி வரும். பிந்தினால் தழும்பு விழுந்து பார்வை போய்விடும்.

ஒரு விவசாயியின் கண் இன்னும் என் மனதில் நிற்கிறது. இமையை விலக்கி டோர்ச் அடித்தபோது கருவிழியின் நடுவில் குருணல் அளவுக்கு வெள்ளை. பக்கத்து வீட்டில் ஒருவருக்குக் கண்புரை வெட்டியபோது கொடுத்த மருந்து மிச்சம் இருந்ததாம், அதை விட்டிருக்கிறார். விட்ட இரண்டு நாளில் சிவப்புக் குறைந்ததால் சுகம் வந்துவிட்டதென்று மறுபடியும் வயலுக்குப் போயிருக்கிறார். அந்தப் போத்தலில் இருந்தது ஸ்டீரொயிட். அது சிவப்பையும் நோவையும் அடக்கிவிடும், உள்ளே பூஞ்சணம் தாராளமாக வளரும். ஹெர்பீஸ் வைரஸால் வந்த கண்நோயிலும் இதே கதைதான். ஆகவே லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசொலோன் என்று எதைக் கண்டாலும் கண் வைத்தியர் சொல்லாமல் தொடாதீர்கள். பார்மசியில் 'சிவப்புக்கு நல்லது' என்று தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பீளையைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு சுவரில் உள்ள கலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தரம் கண்ணைச் சிமிட்டிய பிறகும் சிவந்த கண்ணுக்கு மங்கலாகவே தெரிந்தால் அது சாதாரணக் கண்நோய் அல்ல. கடும் நோ, வெளிச்சக் கூச்சம், கருவிழியில் வெள்ளை, இரண்டு கண்மணியும் வேறு வேறு அளவாக இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். உங்கள் கணவருக்குக் கூச்சம் ஏற்கெனவே இருக்கிறது. கிராம ஆஸ்பத்திரிக்குப் போனாலும் 'நெல்லுத் தூசி விழுந்தது' என்பதை முதல் வசனமாகச் சொல்லச் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் கண் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்று அவர்களுக்கும் உடனே விளங்கும்.

பிள்ளைகளின் இமை ஒட்டியிருந்தால் இழுத்துத் திறக்காதீர்கள். கொதித்தாறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஒரு நிமிடம் இமைமேல் வைத்து ஊறவிட்டு, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுவையில் துடையுங்கள். அந்தப் பஞ்சை எறிந்துவிட்டு அடுத்ததுக்குப் புதுப் பஞ்சு எடுக்க வேண்டும். பிறகு உங்கள் கையைச் சவர்க்காரம் போட்டு வடிவாகக் கழுவுங்கள். அடினோவைரஸுக்குக் கைக்குப் பூசும் ஜெல்லைவிடச் சவர்க்காரமும் தண்ணீரும்தான் நம்பிக்கை. காய்ந்த இடத்திலும் அது நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். துவாய், தலையணி, லேஞ்சி எல்லாம் ஆளுக்கு வேறு வேறாக இருக்கட்டும். எல்லாரும் ஒரே துவாயில் முகம் துடைக்கிற வீடுகளில்தான் இது வரிசையாக வருகிறது. நோய் உள்ளவரின் கண்ணைப் பார்ப்பதால் யாருக்கும் தொற்றாது, அதனால் கறுப்புக் கண்ணாடி போட்டு மற்றவர்களைக் காப்பாற்றவும் முடியாது. கூச்சத்துக்கு வேண்டுமானால் போடலாம்.

அம்மம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவ கேட்பது கண் குளிரவேண்டும் என்பதைத்தானே. சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, மூடிய இமைக்கு மேலே வைத்துவிடச் சொல்லுங்கள், பிள்ளைக்கும் சுகமாக இருக்கும். கண்ணுக்கு உள்ளே மட்டும் தாய்ப்பாலோ, நந்தியாவட்டைச் சாறோ, வேறு எந்தச் சாறோ வேண்டாம். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குப் பச்சைக் குழந்தைகள்தான் காரணம். பிறந்து 28 நாளுக்குள் ஒரு குழந்தையின் கண் சிவந்து, வீங்கி, சீழ் வடிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றுகிற கிருமிகளில் சில ஓரிரண்டு நாளிலேயே கருவிழியைத் தின்றுவிடும். தாய்ப்பால் விட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்க அங்கே நேரம் கிடையாது. வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரின் போன் நம்பர் கையில் இருந்தால் உடனே எடுத்துக் கேளுங்கள்.

பள்ளிக்கூடம்: கண் வடிவது நின்று, காலையில் பீளை இல்லாமல் எழும்பத் தொடங்கினால் அனுப்பலாம். பெரும்பாலும் ஒரு கிழமை பிடிக்கும். லேசான சிவப்பு அதற்குப் பிறகும் சில நாள் நிற்கலாம், ஆனால் இரண்டாம் கிழமையிலும் தொற்றக்கூடும் என்பதால் கை கழுவுவதையும் தனித் துவாயையும் அதுவரை விடாதீர்கள். சிவப்பு மாறிய பிறகும் வெளிச்சம் கூசுகிறது, கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று பிள்ளை சொன்னால் இன்னொரு தரம் கொண்டுபோய்க் காட்டுங்கள். சிலருக்கு இந்த வைரஸ் கருவிழியில் சிறு புள்ளிகளை விட்டுவிட்டுப் போகும்.