கணக்காய்வின் தரமும் சுயாதீனமும்: கேள்விகளும் பதில்களும்

புறக்கோட்டை, புடவை மொத்த வியாபாரம்: அண்ணா, எங்கட கம்பனியின் ஓடிட்டுக்கு (கணக்காய்வுக்கு) இரண்டு பேர் விலை தந்திருக்கினம். ஒன்று மற்றதில் பாதி. கணக்காய்வு நியமம் எல்லாருக்கும் ஒன்றுதானே, குறைந்ததை எடுத்தால் என்ன?

நியமம் ஒன்றுதான், ஆனால் செலவிடும் மணித்தியாலம் ஒன்றல்ல. எத்தனை பேர் வருவார்கள், எத்தனை நாள் இருப்பார்கள், அதில் பங்காளரும் (கணக்காய்வு நிறுவனத்தின் உரிமையாளர்களில் ஒருவர், அறிக்கைக்குப் பொறுப்பானவர்) மேலாளரும் எத்தனை மணித்தியாலம் என்று இருவரிடமும் எழுத்தில் கேளுங்கள். விலை குறையும்போது முதலில் வெட்டுப்படுவது மேலாளரின் மீளாய்வு. பிறகு பயிலுநர்கள் தனியே வந்து வவுச்சர் பார்த்துவிட்டுப் போவார்கள். பெரும்பாலான கம்பனிகளுக்கு மார்ச் 31 ஆண்டு முடிவு என்பதால், ஏப்ரலுக்குப் பிறகு அதே ஆட்கள் நாலைந்து இடத்துக்கு ஓடுவார்கள்.

உங்கள் பணம் முழுக்கச் சரக்கில் முடங்கிக் கிடக்கிறது. ஆகவே இருப்பு எண்ணும் நாளில் பேலியகொடைக் களஞ்சியத்துக்கு யார் வருவார் என்று கேளுங்கள். எண்ணுவது இரண்டு பக்கமாகவும் நடக்க வேண்டும். பட்டியலில் இருந்து சில வரிகளை எடுத்து இறாக்கையில் தேடினால், இல்லாத சரக்கு பிடிபடும். இறாக்கையில் இருந்து சில பேல்களை (துணிக்கட்டுகளை) எடுத்துப் பட்டியலில் தேடினால், விடுபட்டது பிடிபடும். எந்த பேல் என்று தெரிவு செய்வது கணக்காய்வாளர். களஞ்சியப் பொறுப்பாளர் கைகாட்டக் கூடாது. ஒன்றிரண்டு பேலைப் பிரித்து, வெளிச்சீட்டில் எழுதிய துணிதானா உள்ளே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அன்று கடைசியாகச் சரக்கு உள்ளே வந்த சீட்டின் இலக்கத்தையும் வெளியே போன இன்வொய்ஸின் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளாவிட்டால், ஏப்ரல் விற்பனை மார்ச்சுக்குள் நுழைந்துவிடும். பாதி விலைக்காரர் இதற்கெல்லாம் ஆள் அனுப்ப முடியாது என்றால், அவரை எடுக்காதீர்கள்.

வெள்ளவத்தை, கணக்காளர்: எங்கள் கணக்குகளின் மீதியை வங்கி உறுதிசெய்யும் கடிதத்தை என்னையே எடுத்து ஸ்கான் பண்ணி அனுப்பச் சொல்கிறார்கள் கணக்காய்வாளர்கள். சரியா?

சரியில்லை. வங்கியைக் கேட்கும் கடிதத்தில் கையொப்பமிடுவது கம்பனி. அதை அனுப்புவதும் பதிலை நேரடியாகப் பெறுவதும் கணக்காய்வாளர். இலங்கைக் கணக்காய்வு நியமம் 505 கேட்பது இதைத்தான். நடுவில் கம்பனியின் கை பட்டால் அது வெளியாரின் சான்று ஆகாது. இத்தாலியின் பார்மலாட் நிறுவனம் 395 கோடி யூரோ வங்கியில் இருப்பதாகக் காட்டியது போலிக் கடிதத்தைக் கொண்டுதான். 2003 டிசம்பரில், அப்படி ஒரு கணக்கே இல்லை என்று வங்கி அறிவித்தது. மீதி பூச்சியமான கணக்குகள், வருடத்துக்குள் மூடியவை, ஓவர்டிராஃப்ட், உத்தரவாதங்கள், ஈடு வைத்த சொத்துகள் எல்லாவற்றையும் கடிதத்தில் கேட்க வேண்டும். மறைக்கப்பட்ட கடன் பெரும்பாலும் இங்கேதான் வெளிவரும்.

கொள்ளுப்பிட்டி, பணிப்பாளர்: கணக்கு எழுதுவது, வரி, கணக்காய்வு மூன்றும் ஒரே நிறுவனம் செய்கிறது. பாதிப்பு உண்டா?

உண்டு. தான் எழுதியதில் தானே பிழை தேட யாருக்கும் மனம் வராது. பங்குச் சந்தைக் கம்பனி என்றால், கணக்காய்வாளர் கணக்கு எழுதுவதைக் கணக்காளர்களுக்கான சர்வதேச ஒழுக்கநெறிக் கோவை அனுமதிப்பதில்லை. தனியார் கம்பனியில் வழமையான பதிவு வேலை மட்டும், வேறு குழுவைக் கொண்டு செய்யலாம். அறவிடமுடியாக் கடன் ஒதுக்கம், தேய்மான வீதம் போன்ற தீர்மானங்கள் உங்களுடையவை. அவற்றுக்கான ஜேர்னல் (கணக்குப் பதிவு) ஒவ்வொன்றிலும் உங்கள் கையொப்பம் இருக்க வேண்டும்.

கட்டணத்தின் பங்கையும் பாருங்கள். 2000ஆம் ஆண்டில், பிறகு கணக்கு மோசடியில் வீழ்ந்த அமெரிக்க எரிசக்திக் கம்பனி என்ரோன், தன் கணக்காய்வு நிறுவனமான ஆர்தர் ஆண்டர்சனுக்குக் கணக்காய்வுக்காக 2.5 கோடி டொலரும் ஏனைய சேவைகளுக்காக 2.7 கோடி டொலரும் கொடுத்தது. அத்தனை வருமானம் தரும் வாடிக்கையாளரிடம் "இது பிழை" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள்.

கொட்டாஞ்சேனை, சிறு பங்குதாரர்: கணக்காய்வாளரை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஐயா?

வங்கிகளில் ஒரே பங்காளர் 5 வருடத்துக்கு மேல் இருக்க முடியாது, பிறகு 3 வருட இடைவெளி வேண்டும் என்பது மத்திய வங்கியின் பணிப்பு. இந்த விதி பேசுவது ஆளைப் பற்றி. நிறுவனத்தையே அடிக்கடி மாற்றுவதை நான் விரும்புவதில்லை. முதல் வருடத்தில் வியாபாரம் பிடிபடாது, பிழைகள் தப்பும். திடீரென்று மாற்றினால் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் எழுந்து காரணம் கேளுங்கள். சட்டப்படி கணக்காய்வாளரை நியமிப்பது பங்குதாரர்கள்தான்.

தெஹிவளை, பயிலுநர்: பணிப்பாளரின் உறவினர் கம்பனிக்குப் போன 4 இலட்சத்துக்கு ஆவணம் இல்லை. "மட்டத்துக்குக் கீழே, விடு" என்கிறார் சீனியர். என்ன செய்ய, அண்ணா?

விடாதீர்கள், தம்பி. வரிக்கு முந்திய இலாபம் 4 கோடி என்றால், வழக்கமான 5 சதவீதக் கணக்கில் முக்கியத்துவ மட்டம், அதாவது இதற்கு மேற்பட்ட பிழை கணக்கைப் படிப்பவரின் முடிவை மாற்றக்கூடும் என்ற எல்லை, 20 இலட்சம். சோதனைகளைத் திட்டமிடப் பயன்படும் வேலைக்கான மட்டம் அதன் முக்கால் பங்கு, 15 இலட்சம் என்று வைத்திருப்பார்கள். ஆனால் தொடர்புடைய தரப்புக்குப் போன பணத்தில் தொகை மட்டும் அளவுகோல் இல்லை. அதன் தன்மையையும் பார்க்க வேண்டும். வவுச்சர் இலக்கம், திகதி, தொகை, கேட்டபோது கிடைத்த பதில், பதில் சொன்னவர் யார் என்று வேலைத்தாளில் எழுதி, மேலாளருக்கும் பங்காளருக்கும் தெரியும்படி கோப்பில் சேருங்கள். குழுவுக்குள் கருத்து வேறுபாடு தீராமல் பங்காளர் அறிக்கைக்குத் திகதி இடக்கூடாது. அறிக்கைக்குப் பின் கோப்பை ஒழுங்குபடுத்த வழக்கமாக 60 நாள்தான். அதன் பிறகு, வைத்திருக்க வேண்டிய காலம் முடியும்வரை, எந்தத் தாளையும் அகற்றக் கூடாது. இப்போதே எழுதுங்கள்.