பாட்டு வழியே ஸ்பானியம்: பெங்களூரு அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (அல்சூர்): ஐயா, நான் முற்றிலும் புதியவள். எந்த வகைப் பாடலில் தொடங்கலாம்?

பதில்: பொலேரோவில் தொடங்குங்கள், அம்மா. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கியூபாவில் பிறந்து மெக்சிகோவிலும் வேரூன்றிய இந்த மெல்லிசை நிதானமாக நகர்வதால், ஒவ்வோர் அசையும் தனித்துக் காதில் விழும். காதலும் பிரிவுமே பொருளாக இருப்பதால், பத்துப் பாடல்களுக்குள் அதே சொற்கள் மீண்டும் மீண்டும் வந்து மனத்தில் படிந்துவிடும்.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு): ஓராண்டு செயலியில் படித்தும், ரெகேட்டோன் பாடலில் ஒரு வரிகூடப் புரியவில்லை. குறை என்னிடமா?

பதில்: இல்லை. போர்ட்டோ ரீக்கோவில் தழைத்த அந்த இசையில் ஒலிப்பது கரீபியப் பேச்சு வழக்கு. அங்கே அசையின் இறுதியில் வரும் 'ஸ்' வெறும் மூச்சாகத் தேயும், அல்லது மறைந்தேபோகும். '-க்காக' எனப் பொருள்படும் 'பாரா' என்பது 'பா' என்று சுருங்கும். 'காதல்' எனப் பொருள்படும் 'அமோர்' பல வாய்களில் 'அமோல்' ஆகும். 'வந்துவிட்டேன்' என்று புத்தகத்தில் மட்டுமே படித்த ஒருவர் 'வந்துட்டேன்' என்பதை முதன்முறை கேட்டுத் திகைப்பதைப் போன்றதுதான் இது. வாரத்துக்கு ஒரு பாடலை மட்டும் எடுத்து, வரிகளை அச்சிட்டு, ஒலிக்காத எழுத்துகளைப் பென்சிலால் வட்டமிட்டபடி கேளுங்கள்.

கேள்வி (இந்திராநகர்): சல்சா நடனம் பயில்கிறேன். பாட்டிலிருந்தே இலக்கணமும் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், தமிழருக்கு இன்னும் எளிதாகவே கிடைக்கும். 'மே குஸ்தா' என்றால் 'எனக்குப் பிடிக்கும்', 'மே துயேலே' என்றால் 'எனக்கு வலிக்கிறது'. ஆங்கிலத்தின் வழியே கற்பவர்கள் 'நான்' எங்கே என்று தேடித் தடுமாறும் இந்த அமைப்பு நம் வீட்டுப் பேச்சில் நாள்தோறும் புழங்குவது. 'கான்தோ' என்றால் 'பாடுகிறேன்', 'கான்தாஸ்' என்றால் 'பாடுகிறாய்'. வினைமுற்றே ஆளைக் காட்டிவிடுவதால், நம்மைப் போலவே அவர்களும் எழுவாயைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். நம் பிள்ளைகள் இதையெல்லாம் ஆங்கில விளக்கத்தின் வழியே சுற்றிவந்து கற்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. பாடல் வரிகளை நேரே தமிழில் பெயர்த்துப் பாருங்கள்.

கேள்வி (ஜெயநகர்): டாங்கோ பாடல்களில் 'நீ' என்பதற்குத் 'தூ' வராமல் 'வோஸ்' வருகிறதே?

பதில்: அது டாங்கோவின் ஊரான, அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனோஸ் ஐரிஸின் வழக்கு, பிழையன்று.

கேள்வி (மல்லேஸ்வரம்): 'பேரோ', 'பெர்ரோ' இரண்டும் என் வாயில் ஒன்றாகவே வருகின்றன.

பதில்: முன்னது 'ஆனால்', பின்னது 'நாய்', ஆகவே பிரித்தே ஒலிக்க வேண்டும். முன்னதில் நாக்கு ஒரு முறை தட்டினால் போதும், பின்னதில் உருள வேண்டும். சொல்லின் முதலில் வரும் 'ர'வும் உருளும் என்பதால், மெக்சிகோவின் 'ராஞ்சேரா' என்னும் பாடல் வகையின் பெயரையே முதல் பயிற்சியாகக் கொண்டு, அந்தப் பாடகர்களோடு சேர்ந்து வாய்விட்டுப் பாடுங்கள்.