போன்ல வைஃபை நல்லா வருது, டெஸ்க்டாப்ல மட்டும் அடிக்கடி கட் ஆகுது. ரவுட்டர மாத்தணுமா?

கேள்வி: ரவுட்டர் ஒரு ரூம்ல, டெஸ்க்டாப் பக்கத்து ரூம்ல. சிபியூவுக்குப் பின்னாடி யூஎஸ்பி வைஃபை டாங்கிள், அதாவது வைஃபை பிடிக்கிற பென் டிரைவ் மாதிரி சின்ன கருவி, மாட்டியிருக்கேன். பத்து நிமிஷம் நல்லா ஓடும், அப்புறம் வீடியோ மீட்டிங் நடுவுல அப்படியே நின்னுடும். சில நேரம் தானா திரும்ப வரும், சில நேரம் வைஃபையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாத்தான் வரும். அதே டேபிள்ல இருக்கிற போன்ல ஒரு பிரச்சனையும் இல்ல. விண்டோஸ் 11 ரெண்டு தடவ புதுசா போட்டுப் பாத்தாச்சு. ரவுட்டர மாத்தணுமா?

பதில்: வேண்டாங்க, ரவுட்டருக்கு இப்போ காசு போடாதீங்க. போன் அதே டேபிள்ல ஒழுங்கா ஓடுதுன்னு நீங்க சொன்னதே பாதி பதில் மாதிரி, ரவுட்டரும் லைனும் சரியா இருக்க வாய்ப்பு அதிகம், கோளாறு பெரும்பாலும் அந்த டாங்கிள்லயோ அது மாட்டியிருக்கிற இடத்துலயோதான் இருக்கும். ஆனா ஊகத்துல எதையும் மாத்த வேண்டாம், மொதல்ல எந்த இடத்துல அறுந்து போகுதுன்னு கண்ணால பாத்துடுவோம்.

கமாண்ட் ப்ராம்ப்ட், அதாவது கட்டளை டைப் பண்ற கறுப்பு விண்டோ, தெறந்து ipconfigனு அடிச்சா டீஃபால்ட் கேட்வேன்னு ஒரு நம்பர் வரும், அதுதான் உங்க ரவுட்டரோட அட்ரஸ், நிறைய வீட்ல 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1னு இருக்கும். இப்போ அதே மாதிரி ரெண்டு விண்டோ தெறங்க, பிங்ங்கிறது (ping) எதிர்ப் பக்கத்துலருந்து பதில் வருதான்னு கேட்டுப் பாக்குற கட்டளை. ஒண்ணுல பிங்னு அடிச்சு அந்த ரவுட்டர் நம்பர், இன்னொண்ணுல பிங் அடிச்சு 8.8.8.8, அது வெளி இன்டர்நெட்ல இருக்கிற கூகுளோட சர்வர், ரெண்டுலயும் கடைசியா ஒரு இடம் விட்டு -tனு சேத்துக்குங்க, அப்பத்தான் நிறுத்துற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டையும் ஓட விட்டுட்டு வழக்கம் போல வேலைய பாருங்க. அடுத்த தடவ நெட் நிக்கும்போது 8.8.8.8 மட்டும் நின்னு ரவுட்டர் பதில் சொல்லிக்கிட்டே இருந்தா உங்க வைஃபை மேல தப்பில்ல, கோளாறு ரவுட்டருக்கு அந்தப் பக்கம், நெட் கனெக்ஷன் குடுத்தவங்க கிட்ட பேசணும். ரெண்டும் சேந்து நின்னா கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவுலதான் அறுந்திருக்கு. அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு, ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்னு வரிசையா வந்தா பெரும்பாலும் கனெக்ஷன் பேருக்கு இருக்கு ஆனா டேட்டா போய்ச் சேரல, அது சிக்னல் கதை. ஜெனரல் ஃபெய்லியர்னு வந்தா கனெக்ஷனே விட்டுப் போச்சு, அது பெரும்பாலும் பவர் கதை, இல்லன்னா டிரைவர், அதாவது டாங்கிள இயக்குற சாஃப்ட்வேர், கதை. நிக்காத நேரத்துலயும் ரவுட்டரோட பிங் நேரத்த கவனிங்க, பக்கத்து ரூம்னா சில மில்லிசெகண்ட்தான் வரணும், அடிக்கடி 200, 300னு எகிறுதுன்னா சிக்னல் திணறுதுன்னு அர்த்தம்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன், இதத்தான் யாரும் பாக்க மாட்டேங்கிறாங்க. சிபியூ பெட்டி முழுக்க இரும்புத் தகடு. அதுக்குப் பின்னாடி, டேபிளுக்குக் கீழ, செவுத்த ஒட்டி ஒரு சின்ன டாங்கிள மாட்டுனா, ரவுட்டர் எதிர்ப் பக்கம் இருக்கும்போது அது ஒரு இரும்புச் சுவருக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு எட்டிப் பாக்குற மாதிரிதான். உங்க போன் டேபிளுக்கு மேல வெட்டவெளியில இருக்கு. ரெண்டுக்கும் தூரம் ஒண்ணுதான், கெடைக்கிற சிக்னல் ஒண்ணு கெடையாது.

இதுக்கு மேல இன்னொரு தொல்லை, பக்கத்துல இருக்கிற யூஎஸ்பி 3 போர்ட். அதுல எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் மாதிரி எதாவது வேகமா ஓடும்போது வைஃபை பயன்படுத்துற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை பக்கம் ரேடியோ இரைச்சல் கிளம்பும், இன்டெல் கம்பெனியே 2012ல இதப் பத்தி விளக்கமா எழுதி வெளியிட்டாங்க. டாங்கிள் சில சென்டிமீட்டர் தள்ளி இருந்துட்டு அந்த இரைச்சல்லயே ரவுட்டர் பேசுறத கேக்கணும். ஒரு அடையாளம் சொல்றேன், ஹார்ட் டிஸ்க்ல ஃபைல் காப்பி பண்றப்போ வைஃபை கட் ஆகி அதே நேரத்துல வயர்லெஸ் மவுஸும் விட்டு விட்டு நகருதுன்னா சந்தேகமே வேண்டாம், இதுதான் காரணம்.

ரெண்டு தொல்லைக்கும் ஒரே மருந்து யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் போதும், டாங்கிள பின்னாடியிலிருந்து கழட்டி டேபிள் மேல, மானிட்டருக்குப் பக்கத்துல, ரவுட்டர் இருக்கிற திசைய பாத்த மாதிரி வைங்க. ரொம்ப நீளமா வாங்காதீங்க, கேபிள் நீள நீள பவர் குறையும். இந்த ஒரு கேபிள்ல பிரச்சனை தீந்து போனத நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன், அதனால மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

டாங்கிள் இல்லாம மதர்போர்டுலயே வைஃபை இருக்கிறவங்களும், உள்ள கார்டு போட்டிருக்கிறவங்களும் பின்னாடி ஒரு தடவ எட்டிப் பாருங்க. தங்க நிறத்துல ரெண்டு திருகு முனை வெறுமனே நீட்டிக்கிட்டு இருந்தா ஆண்டெனாவ யாரோ மாட்டவே இல்ல, அது மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியிலயே தூங்கிக்கிட்டிருக்கும். ஆண்டெனா இல்லாமயும் ரவுட்டர் பக்கத்துல இருந்தா ஒரு மாதிரி கனெக்ட் ஆகும், அதனாலதான் மாசக்கணக்குல யாருக்கும் தோணாம போயிடுது.

நீங்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணாத்தான் சில நேரம் வருதுன்னு சொன்னீங்க இல்ல, அந்தப் பகுதி எனக்கு சிக்னல் மாதிரி தெரியல. நெட் நிக்கிற நேரத்துல ஸ்பீக்கர்ல பென் டிரைவ் கழட்டுனா வர்ற அந்த சத்தம் வருதான்னு கேளுங்க, வந்தா டாங்கிளுக்குப் பவரே விட்டுப் போகுது. டிவைஸ் மேனேஜர்ல நெட்வொர்க் அடாப்டர்ஸ் தெறந்து, உங்க டாங்கிள ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ்ல பவர் மேனேஜ்மென்ட் டேபுக்குப் போய், பவர் சேமிக்க இந்த டிவைஸ ஆஃப் பண்ணலாம்ங்கிற டிக்க எடுத்துடுங்க. சில மெஷின்ல அந்த டேபே இருக்காது, பயப்படாதீங்க, கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸோட அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்னு ஒண்ணு இருந்தா அத டிசேபிள் பண்ணுங்க.

அதுக்கும் அடங்கலன்னா டிரைவர். ரெண்டு தடவ விண்டோஸ் போட்டும் சரியாகலன்னு வருத்தப்பட்டீங்க, ஆனா புதுசா போட்டாலும் விண்டோஸ் அப்டேட் பெரும்பாலும் அதே டிரைவரத்தான் திரும்பக் கொண்டு வந்து போடும், அதனால உங்க உழைப்பு வீணானது உங்க தப்பில்ல. டாங்கிள் தயாரிச்சவங்களோட சைட்லருந்து, உங்க மாடலோட வெர்ஷன் நம்பர் வரைக்கும் சரியா பாத்து டிரைவர எடுத்துப் போடுங்க, ஒரே மாடல் பேர்ல வந்தாலும் உள்ளுக்குள்ள வேற வேற சிப் இருக்கலாம். இந்தப் பிரச்சனை ஏதோ ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் ஆரம்பிச்சிருந்தா அதே ப்ராப்பர்ட்டீஸ்ல ரோல் பேக் டிரைவர்னு இருக்கும், பழசுக்கே போயிடுங்க.

பேண்ட், அதாவது வைஃபை ஓடுற 2.4 இல்லன்னா 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, அதப் பத்தி சுருக்கமா. வைஃபை செட்டிங்ஸ்ல கனெக்ஷனோட ப்ராப்பர்ட்டீஸ்ல எந்த பேண்ட், அதுக்குள்ள எந்த சேனல், அதாவது எந்தப் பிரிவுன்னு போட்டிருக்கும். 2.4ல இருந்தா பக்கத்து வீட்டு ரவுட்டர், ப்ளூடூத், மைக்ரோவேவ் அவன் எல்லாம் அங்கதான் கூட்டம் போடும், டாங்கிள் 5 கிகாஹெர்ட்ஸ் எடுக்கும்னா பக்கத்து ரூம் தூரத்துக்கு அதுக்கே மாறுங்க, யூஎஸ்பி இரைச்சலும் அங்க பெரிசா தொடாது. ஒரே பேர்ல ரெண்டு பேண்டும் ஓடுற ரவுட்டர்னா கம்ப்யூட்டர் சில நேரம் இங்கயும் அங்கயும் தாவிக்கிட்டு இருக்கும், தனித்தனிப் பேர் குடுத்துட்டா அந்தத் தாவல் நின்னுடும். 2.4லயே இருந்தாகணும்னா சேனல் 1, 6, 11 இந்த மூணுல ஒண்ணு, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், அவ்வளவுதான். 5 கிகாஹெர்ட்ஸ்ல 52லருந்து 144 வரைக்கும் இருக்கிற சேனல்கள ரேடாரோட பகிர்ந்துக்கணும், ரேடார் சிக்னல் மாதிரி எதாவது கேட்டா ரவுட்டர் அந்த சேனல விட்டு ஒதுங்கியே ஆகணும், அதனால 36லருந்து 48க்குள்ள வச்சுக்கிறது நிம்மதி.

ஒண்ணு ஒண்ணா மாத்துங்க, ஒவ்வொரு மாத்தத்துக்கும் நடுவுல அந்த ரெண்டு பிங் விண்டோவும் குறைஞ்சது ஒரு மணி நேரம் ஓடட்டும், எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்துனா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது. இன்னொண்ணு, ரவுட்டர்லருந்து கேபிள் இழுக்க வழி இருந்தா தயவுசெஞ்சு இழுத்துடுங்க. கேட் 5இங்கிற நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் செகண்டுக்கு ஒரு கிகாபிட் வேகம் தாங்கும், எடத்த விட்டு நகராத கம்ப்யூட்டருக்கு வயர விட நல்ல வழிய நான் இன்னும் பாக்கல.

இன்னைக்கே மீட்டிங் இருக்குன்னா, எக்ஸ்டென்ஷன் கேபிள் கைக்கு வர்ற வரைக்கும் ஆண்ட்ராய்டு போன சார்ஜர் கேபிள்ல கம்ப்யூட்டர்ல மாட்டி, போன்ல வைஃபை ஆன்ல வச்சுக்கிட்டு, யூஎஸ்பி டெதரிங், அதாவது போனுக்கு வர்ற நெட்ட கேபிள் வழியா கம்ப்யூட்டருக்குக் குடுக்குற வசதி, ஆன் பண்ணுங்க. பெரும்பாலான போன்ல வீட்டு வைஃபையே அது வழியா கம்ப்யூட்டருக்கு வந்துடும், மொபைல் டேட்டாவ ஆஃப் பண்ணி வச்சுட்டா தெரியாம டேட்டா போயிடுமோங்கிற கவலையும் இல்ல. அப்படி ஒரு முழு மீட்டிங்கும் அறுந்து போகாம ஓடிட்டா, பழுது அந்த டாங்கிள் பக்கம்தான்னு இன்னைக்கே தெரிஞ்சுடும்.