அண்ணன் கம்பெனியில் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாமா?

கேள்வி: பெங்களூரில் ஆறு வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு அவிநாசிக்குத் திரும்பியிருக்கிறேன். நிட்டிங் துணியில் வரும் பழுதுகளைக் கேமராவும் ஏஐ-யும் வைத்துப் பிடிக்கும் கருவிக்காக நண்பனோடு சேர்ந்து கம்பெனி தொடங்குகிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் பெரியப்பா மகன், "ஆறு மாசம் இங்கேயே சும்மா போட்டுப் பாரு" என்கிறார். கையில் 12 லட்சம் இருக்கிறது. இலவசமாக ஆரம்பிக்கலாமா? முதலீட்டாளரை இப்போதே தேட வேண்டுமா? பங்கை ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கலாமா?

பதில்: அண்ணன் இடம் தருவது பெரிய விஷயம். வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இலவசமாக வேண்டாம்.

கோவையில் ஒரு ஃபவுண்டரியில் நாங்கள் இப்படித்தான் ஒரு கருவியை இலவசமாக வைத்தோம். முதலாளி எங்களுக்கு வேண்டியவர். மூன்றாவது மாதம் போய்ப் பார்த்தால் கேமரா மேல் யாரோ சாக்கு போட்டு மூடியிருந்தார்கள். லைட் கண்ணைக் கூசுகிறதாம். ஒருவரும் எங்களுக்கு ஃபோன் செய்து சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கியிருந்தால் மறுநாள் காலையிலேயே திட்டியிருப்பார்கள். அந்தத் திட்டுதான் உங்களுக்கு வேண்டும். சொந்தக்காரர் உங்கள் மனம் நோகக் கூடாது என்று "நல்லாத்தான் இருக்கு" என்பார். அதை நம்பி அடுத்த பத்து கம்பெனிகளுக்குப் போய் நிற்பீர்கள்.

அதனால் கருவிக்கு மாத வாடகையாக அண்ணனிடம் ஒரு தொகை பேசுங்கள். சிறியதாக இருந்தால் போதும். மூன்று மாதத்தை முன்பணமாக வாங்குங்கள். மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டம் சொல்கிறது. பதிவைச் செய்துவைங்கள். ஆனால் பெரியப்பா மகனிடம் போய்ச் சட்டம் பேச முடியுமா என்ன? முன்பணம்தான் வழி.

ஒப்பந்தம் ஒரு பக்கம் இருந்தால் போதும். அதில் தவறவே கூடாத ஒரு வரி உண்டு: துணியை எடுத்த படங்களையும், அவற்றில் பழுது குறித்த விவரங்களையும் உங்கள் ஏஐ மாடலை, அதாவது படம் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை, பயிற்றுவிக்க நீங்கள் பயன்படுத்தலாம் என்பது. துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் பிரிண்ட் டிசைன் படத்தில் விழுந்தால் சிக்கல் வரும். அதனால் முதலில் சாயம் போட்ட பிளெய்ன் துணியோடு நின்றுகொள்ளுங்கள். இந்த வரி இல்லாவிட்டால், நாளை அண்ணனுக்கும் உங்களுக்கும் மனக்கசப்பு வந்தால் ஆறு மாத உழைப்பு அவர் கம்ப்யூட்டரோடு போய்விடும்.

அடுத்து, எது வெற்றி என்பதை எண்ணில் எழுதுங்கள். "98 சதவீதம் சரியாகச் சொல்கிறது" என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். 100 மீட்டர் துணியில் 2 மீட்டரில்தான் பழுது என்றால், எல்லாமே நல்ல துணி என்று கண்ணை மூடிச் சொல்லும் மாடலுக்கும் 98 வந்துவிடும். இரண்டு எண்ணிக்கை போதும்: செக்கிங்கில் ஆட்கள் பிடித்த பழுதுகளில் மிஷின் விட்டது எத்தனை, ஒரு ரோலுக்கு வீணாக அலறியது எத்தனை தடவை. இரண்டாவதுதான் உங்களைக் கவிழ்க்கும். பத்து தடவை சும்மா அலறினால் பதினோராவது தடவை ஆள் ஸ்விட்சை அணைத்துவிடுவார்.

பேச்சு அவர்களுடைய மொழியில் இருக்கட்டும். துணிப் பழுதுக்கு நான்கு புள்ளி முறை ஏற்கெனவே இருக்கிறது: பழுதின் நீளம் 3 அங்குலம் வரை என்றால் 1 புள்ளி, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. ஓட்டைக்குத் தனிக் கணக்கு. உங்கள் கருவி ரோல் முடிந்ததும் இந்தப் புள்ளித் தாளைக் கொடுத்தால் அண்ணனுக்கு உடனே புரியும். வண்ண வண்ண டேஷ்போர்டு அவருக்கு எதற்கு?

மாடல் செய்வதற்கு முன் ஒரு வேலை. செக்கிங் அக்காக்கள் இருவரிடம் அதே 20 ரோலைத் தனித்தனியாகக் கொடுத்துப் பழுதைக் குறிக்கச் சொல்லுங்கள், அந்த நேரத்துக்குக் கூலி கொடுத்து. ஓட்டை, ஆயில் கறை இவற்றில் ஒத்துப்போவார்கள். மெல்லிய நீடில் லைனில் (ஊசிக் கோளாறால் துணியில் நீளவாக்கில் விழும் கோடு) ஒருவர் பழுது என்பார், இன்னொருவர் விடலாம் என்பார். மனிதர்களே ஒத்துப்போகாத இடத்தில் மிஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே எல்லை எது என்று அண்ணனையே முடிவு செய்யச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

மாடலை அடியிலிருந்து கட்ட வேண்டாம். திறந்த மூலத்தில் கிடைக்கும் பயிற்சி பெற்ற மாடலை எடுத்து உங்கள் துணிக்குப் பழக்குங்கள். பயிற்சிக்கு வேண்டிய ஜிபியுவை (ஏஐ கணக்குகளை வேகமாகப் போடும் சில்லு) மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். மத்திய அரசின் இந்தியா ஏஐ மிஷனில் ஸ்டார்ட்அப்களுக்குச் சலுகை விலையிலும் கிடைக்கிறது. 12 லட்சத்தில் ஜிபியு வாங்கி வீட்டில் வைத்துவிடாதீர்கள். செலவு எல்லாம் லைட், லென்ஸ், படத்தில் குறியிடும் கூலி இவற்றுக்குத்தான் போகும். நீடில் லைன் நேர் வெளிச்சத்தில் மறைந்துவிடும், பக்கவாட்டில் அடித்தால் தெரியும். பஞ்சுத்தூசி லென்ஸில் படியும். ஆகவே முதலில் வேலைக்கு எடுக்கும் ஆள் இன்னொரு ஏஐ இன்ஜினியராக இருக்க வேண்டாம். நிட்டிங் மிஷின் பக்கம் பத்து வருடம் இருந்த ஃபிட்டர் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

முதலீட்டாளரா? இப்போது வேண்டாம். கோயம்புத்தூரைச் சேர்ந்த சரவணகுமார் 2011-இல் தொடங்கிய கோவை.கோ வெளி முதலீடு இல்லாமலே வளர்ந்தது என்று எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் இணையத்தில் உலகம் முழுக்க விற்கும் மென்பொருள் அது. நீங்கள் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், வளர்ச்சி மெதுவாகத்தான் வரும். அந்த வேகத்துக்குப் பெரிய முதலீட்டாளரின் அவசரம் ஒத்துவராது. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு தரும் டான்சீட் என்ற தொடக்க நிதித் திட்டத்தைப் பாருங்கள். 10 லட்சம் வரை கிடைக்கும், பதிலுக்குச் சிறு பங்கு எடுத்துக்கொள்வார்கள். கோவையில் பிஎஸ்ஜி ஸ்டெப், ஃபோர்ஜ் போன்ற, புதுக் கம்பெனிகளுக்குக் கைகொடுக்கும் இன்குபேட்டர்களும் உண்டு. தனி உரிமையாளர் கடையாகப் பதிந்தால் மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட்டாகவே பதியுங்கள்.

பங்கு பாதி பாதி இருக்கலாம், ஆனால் முதல் நாளே கைக்கு வரக் கூடாது. நான்கு வருடத்தில் சிறிது சிறிதாகச் சேரட்டும். ஒரு வருடத்துக்குள் விலகுபவருக்கு ஒன்றும் இல்லை. முரண்பட்டால் கருவியில் யார் சொல்வது கடைசி, பணத்தில் யார் சொல்வது கடைசி என்பதையும் எழுதுங்கள். நண்பனிடம் இதைப் பேசக் கூச்சமாக இருக்கும். இப்போது கூச்சம்தான், பிறகு வக்கீல் ஃபீஸ். அண்ணன் "எனக்கும் பத்து சதவீதம் போடு" என்றால், அவர் வாடிக்கையாளராக மட்டுமே இருக்கட்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

மாதச் செலவு 90,000 என்றால் 12 லட்சம் 13 மாதம் வரும். அதில் உங்கள் இருவரின் வீட்டுச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தீபாவளியை ஒட்டிக் கருவியை மாட்டாதீர்கள். போனஸ், ஷிப்மெண்ட் நெருக்கடியில் உங்களைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது, ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பவும் நாளாகும். ஆட்கள் வந்து சேர்ந்த பிறகு, ஒரே ஒரு செக்கிங் மிஷினில் ஆரம்பியுங்கள்.