சிங்கப்பூரில் கப்பல் ஏறப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கப்பலுக்குள் என்ன சாப்பாடு, நீச்சல்குளம் எந்த மாடியில் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. சிங்கப்பூரில் வந்து இறங்குவதிலிருந்து கப்பல் ஏறும்வரை எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது, எப்படிப் போவது என்பதைக் கேளுங்கள்.

மதுரை: சனிக்கிழமை மாலை 5 மணிக்குக் கப்பல். அன்று காலை 7 மணிக்குச் சாங்கியில் இறங்கும் விமானம் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா சார்?

கணக்குக்குச் சரியாகத்தான் வரும். ஆனாலும் நான் எடுக்க மாட்டேன். 5 மணிக்குக் கிளம்பும் கப்பலுக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பே செக்-இன் மூடிவிடுவார்கள். விமானத்தை நீங்கள் தனியாகப் பதிவு செய்திருந்தால், அது தாமதமானதற்குக் கப்பல் நிறுத்தி வைக்கப்படாது. கேபின் பணமும் பெரும்பாலும் போனதுதான். போதாததற்கு, இரவு விமானத்தில் தூங்காமல் வந்த அப்பா அம்மாவை வெயிலில் இழுத்துக்கொண்டு அலைய வேண்டும். முந்தின நாளே வந்துவிடுங்கள்.

சேலம்: டாக்ஸியில் ஏறி "குரூஸ் சென்டர்" என்றால் போதுமா?

போதாது. முதலில் டிக்கெட்டைப் பாருங்கள், ஏனென்றால் இங்கே இரண்டு இருக்கின்றன. ஒன்று 2012-இல் திறந்த மரினா பே குரூஸ் சென்டர். இன்னொன்று ஹார்பர்ஃபிரண்டில், விவோசிட்டி மாலை ஒட்டியிருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர். பழையது இதுதான், பெயரிலும் 'சிங்கப்பூர்' இருக்கிறது. அதனால்தான் பலர் தப்பாக இங்கே வந்து நிற்கிறார்கள்.

ஹார்பர்ஃபிரண்டில் தலைக்கு மேலே செந்தோசா தீவுக்குக் கேபிள் கார் போகிறது. அதனால் 52 மீட்டருக்கு மேல் உயரமான கப்பல் அங்கே நுழைய முடியாது. இன்றைய மிதக்கும் அடுக்குமாடிகள் எல்லாம் மரினா பேக்குப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மரினா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கினால் மரினா பே டெர்மினல் நடக்கும் தூரம்தான். ஆனால் மரினா சவுத் பியர் என்ற அதே பெயரில் பக்கத்தில் இருக்கும் படகுத்துறை வேறு. குசு தீவுக்கும் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கும் அங்கிருந்துதான் படகு. தானா மேரா துறை, பாத்தாம், பிந்தான் என்ற இந்தோனேசியத் தீவுகளுக்குப் போகும் ஃபெர்ரிகளுக்கானது. மறுபடியும் சொல்கிறேன், டிக்கெட்டைப் பாருங்கள்.

ஈரோடு: சிங்கப்பூர் விசா வந்துவிட்டது. வேறு என்ன வேண்டும்?

விசாவில் 'மல்டிபிள்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். கப்பல் மலேசியாவையோ தாய்லாந்தையோ தொட்டுத் திரும்பினால், நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள். எஸ்ஜி அரைவல் கார்டையும் (சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் படிவம்) திரும்பி வரும்போது இன்னொரு முறை நிரப்ப வேண்டும். வருகிற நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். அதற்குக் காசு கிடையாது. காசு கேட்டால் அது அரசின் தளம் இல்லை, மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

தஞ்சாவூர்: ஒரு ராத்திரி தங்கணும். மாமியாருக்குச் சைவச் சாப்பாடு வேண்டும். எங்கே அண்ணா?

லிட்டில் இந்தியா. 1947-லிருந்து இருக்கும் கோமள விலாஸ் சிராங்கூன் ரோட்டில்தான், வீரமாகாளியம்மன் கோயிலும் அதே ரோட்டில்தான். ரயிலும் வசதி. ஹார்பர்ஃபிரண்டுக்கு மாறாமல் ஒரே ரயில். மரினா பே டெர்மினல் என்றால் அடுத்த நிலையமான தோபி காட்டில் சிவப்புப் பாதைக்கு மாறி, கடைசி நிலையம்.

உட்லண்ட்ஸ்: நான் இங்கேயே இருப்பவன். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் நடக்க இடமிருக்காது. வயதானவர்களை அங்கே அனுப்பாதீர்கள். சைனாடவுன்தான் சரி.

ஞாயிறு மாலை கூட்டம் உண்மைதான். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஒருநாள் வெளியே வரும் நம் ஆட்கள் அவர்கள். ஒதுங்கிப் போக வேண்டிய கூட்டம் இல்லை. அவர் கேட்டதும் மாமியாருக்கு இட்லி.

உட்லண்ட்ஸ்: சைனாடவுனிலும் கோயில் இருக்கிறதே. அங்கிருந்தும் ஹார்பர்ஃபிரண்டுக்கு நேர் ரயில்தான், அதுவும் இன்னும் பக்கம்.

இருக்கிறது, சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயில். நானும் போவேன். தூரத்திலும் நீங்கள் சொல்வது சரி. இளம் ஜோடி என்றால் நானே சைனாடவுன் என்றுதான் சொல்வேன். ஆனால் காலை 7 மணிக்கு மாமியார் காபி கேட்டால் அந்தப் பெண் அங்கே எங்கே தேடும்?

பினாங்கு: இரண்டும் வேண்டாம், விவோசிட்டி பக்கத்திலேயே தங்கலாமே?

தங்கலாம், கப்பல் ஹார்பர்ஃபிரண்டில் என்றால். டிக்கெட்டைப் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். லிட்டில் இந்தியாவா சைனாடவுனா பஞ்சாயத்தை இத்தோடு முடிக்கிறேன்.

விழுப்புரம்: காலை 9 மணிக்கு இறங்கினால், அன்று மாலை கப்பலைப் பிடிக்கலாமா?

மதுரைக்காரருக்குச் சொன்னதே.

கோவை: முந்தின நாள் மதியம் வருகிறோம். மாலையில் என்ன பார்க்கலாம்?

கார்டன்ஸ் பை த பே. வெளித்தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. 7:45-க்கும் 8:45-க்கும் சூப்பர்ட்ரீ என்ற செயற்கை மரங்களில் இசையோடு விளக்குக் காட்சி, அதுவும் இலவசம். மல்லாந்து பார்க்க வசதியாக ஒரு துண்டு எடுத்துப்போங்கள். செந்தோசாவை இந்த மாலைக்குள் திணிக்காதீர்கள்.

திருநெல்வேலி: கோலாலம்பூரில் விமானம் மாறி, கப்பல் நாளன்று மதியம் 1 மணிக்குச் சாங்கி. சரியா?

தம்பி, மேலே படிக்கவே இல்லையா? வேண்டாம்.

கரூர்: போர்ட் கிளாங்கில் கப்பல் நிற்கும்போது பத்துமலையும் இரட்டைக் கோபுரமும் பார்க்கலாமா?

கப்பல் நிற்பது புலாவ் இண்டாவில். கோலாலம்பூர் அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல், பத்துமலை நகரத்துக்கும் வடக்கே. 272 படி ஏறி இறங்கவும் நேரம் வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், எனக்கு முருகன்.

நாமக்கல்: புக்கெட்டில் நாமே சுற்றிவிட்டு வரலாமா?

வரலாம், கடிகாரம் ஜாக்கிரதை. தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கரைக்குப் போனதும் கைபேசி தானாக அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், உங்கள் கையில் 3 மணி என்று காட்டும்போது அங்கே 4. கப்பல் நேரத்தில் ஒரு கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

திருப்பூர்: குமட்டலுக்கு என்ன மாத்திரை?

மருத்துவரைக் கேளுங்கள்.

கடலூர்: பெட்டியைக் கப்பல் வரை தூக்க வேண்டுமா? திரும்பும் நாளன்று காலை 10 மணி விமானம் போடலாமா?

டெர்மினல் வாசலில் சீட்டு கட்டிக் கொடுத்தால், பெட்டி கேபினுக்கு வந்துவிடும். ஆனால் சாயங்காலம்கூட ஆகலாம். பாஸ்போர்ட், மாத்திரை, பிள்ளைகளின் நீச்சல் உடை கைப்பையில் இருக்கட்டும். திரும்பும்போது காலை 10 மணி விமானம் வேண்டாம். குடிநுழைவு வரிசை, பெட்டி, டாக்ஸி வரிசை என்று காலை அதிலேயே போய்விடும். இரவு விமானம் போட்டு, பெட்டியைச் சாங்கியில் காசு கட்டி வைத்துவிட்டு, விமான நிலையத்தை ஒட்டிய ஜூவல் மாலில் அருவியைப் பாருங்கள்.