வாசகர் கேள்விகள்: மடியில் படகு போல ஒரு யாழ்

கேள்வி: என் தாத்தாவுக்கு 82 வயது. ரங்கூனில் பிறந்து வளர்ந்து, 1965-இல் கப்பலேறி மெட்ராஸ் வந்தவர். போன மாதம் என் ஃபோனில் ஒரு வீடியோ ஓடியது. படகு மாதிரி ஒரு வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் வாசித்தார். தாத்தா அதையே மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சௌங்" என்று மட்டும் சொன்னார். வீடியோவின் கீழே இன்லே மியின்ட் மௌங் என்று போட்டிருந்தது. யார் இவர்?
– வாசகி, பி.வி. காலனி, வியாசர்பாடி

பதில்: உங்கள் கடிதத்தை நானும் இரண்டு தடவை படித்தேன். தாத்தா சொன்னது சரிதான், அது சௌங். முழுப் பெயர் சௌங் கௌக், பர்மியர்களின் யாழ். கௌக் என்றால் வளைந்தது என்று பொருள்.

மியின்ட் மௌங் 1937-இல் பிறந்தவர். ஷான் மாநிலத்தில் படகுக்காரர்கள் ஒற்றைக் காலால் துடுப்பைச் சுற்றிப் பிடித்து வலிப்பார்களே, அந்த இன்லே ஏரிப் பகுதிக்காரர், அதனால்தான் ஊர்ப்பெயர் முன்னால் ஒட்டிக்கொண்டது. (நம்மூரில் காருகுறிச்சி, திருவாவடுதுறை என்று சொன்னாலே நாதஸ்வரம் நினைவுக்கு வருவதுபோலத்தான்.) அரசு இசைப் பள்ளியில் சௌங் ஆசிரியராக இருந்தார். 2001-இல் மறைந்தார். அவர் வாசித்து, யீ யீ தன்ட் என்ற பாடகி பாடிய பதிவுகளை 2003-இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் என்ற இசைப்பதிவு நிறுவனம் வெளியிட்டது. வெளி உலகத்தில் பலர் பர்மிய யாழை ஒழுங்காக உட்கார்ந்து கேட்டது அதற்குப் பிறகுதான். தாத்தா கப்பலேறும்போது மியின்ட் மௌங்குக்கு 28 வயது. தாத்தா ரேடியோவில் கேட்டது இவருடைய விரலாகவும் இருக்கலாம், அவருக்கு முந்தைய தலைமுறையின் பெரிய ஆசிரியரான ஊ பா தானுடையதாகவும் இருக்கலாம்.

வரலாறு இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். மியின்ட் மௌங்கை வெறும் வித்வானாக மட்டும் பார்த்தால் இவ்வளவுதான். ஆசிரியராகப் பார்த்தால்தான் அவர் எவ்வளவு பெரியவர் என்று தெரியும், அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சௌங் அரண்மனை வாத்தியம். மியாவடி மின்ஜி ஊ சா (1766–1853) என்று ஒரு அமைச்சர் இருந்தார், படைத்தலைவரும் அவரே, இசை மேதையும் அவரே. சயாம் நாட்டுப் பாட்டுகளை பர்மிய யாழில் ஏற்றியவர், நரம்புகளை 13 ஆக்கியவர் அவர்தான். அப்புறம் அரண்மனையின் கடைசி யாழ் வித்வான் மௌங் மௌங் ஜி (1855–1933) காலத்தில் அது 14 ஆனது. 1885-இல் ஆங்கிலேயர் மண்டலேயைப் பிடித்ததும் அரண்மனையே போய்விட்டது. திபோ மன்னரையும் ராணியையும் கப்பலில் ஏற்றி முதலில் கொண்டுவந்து இறக்கியது நம்ம மெட்ராஸில்தான். அந்த டிசம்பரிலிருந்து 1886 ஏப்ரல் வரை இங்கே வைத்திருந்து, அதன் பிறகே ரத்தினகிரிக்குக் கொண்டுபோனார்கள். பர்மாவின் கடைசி ராஜாவும் உங்கள் தாத்தாவும் ஏறக்குறைய 80 வருட இடைவெளியில் ஒரே கடல்வழியாக இதே ஊருக்கு வந்து இறங்கியிருக்கிறார்கள். துறைமுகம் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சரி, ராஜா போய்விட்டார், யாழ் என்ன ஆகும்? சோறு போட்ட அரண்மனை இல்லையென்றால் அந்த வாத்தியமும் மண்ணோடு போயிருக்க வேண்டியது. போகவில்லை. வித்வான்கள் வீட்டில் சொல்லிக்கொடுத்தார்கள். பர்மா சுதந்திரம் அடைந்த பிறகு 1950-களின் தொடக்கத்தில் ரங்கூனிலும் மண்டலேயிலும் அரசு இசை, நாடகப் பள்ளிகள் வந்தன. நரம்புகளை 16 ஆக்கிய 'ஊ பா தான்' என்பவர் அரசுப் பள்ளியில் கற்றுக்கொடுத்தார். பிறகு மியின்ட் மௌங். ராஜா முன்னால் மட்டும் வாசித்த பாட்டுகளை, ஏரிக்கரையிலிருந்து வந்த ஒருவர், சாதாரண வீட்டுப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர் செய்த பெரிய காரியம் என்று நான் நினைப்பது இதைத்தான். கச்சேரி, ஒலிப்பதிவு எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

தாத்தாவிடம் "சயா" என்று சொல்லிப் பாருங்கள். பர்மிய மொழியில் வாத்தியார். அவர் முகம் மாறும்.

கேள்வி: அது நம் யாழ்தான் என்று ஒரு வாட்ஸப் செய்தி சுற்றுகிறது. தமிழன்தான் பர்மாவுக்குக் கொண்டுபோனான் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், ராயபுரம்

பதில்: பாதி உண்மை. வில்லைப் போல வளைந்த யாழ் இந்தியாவிலிருந்துதான் அங்கே போயிருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்கள் பரவலாக ஏற்கும் கருத்து. பியே நகருக்குப் பக்கத்தில் ஸ்ரீக்ஷேத்ரா என்ற, பர்மாவின் பழைய பியூ மக்களின் நகரத்தில் 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பம் ஒன்றில் அந்த யாழ் இருக்கிறது. 802-இல் பியூ நாட்டு இசைக்குழு ஒன்று சீனத் தலைநகருக்கே போய் வாசித்ததைச் சீனர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் பார்த்தால் அமராவதிச் சிற்பங்களில் அதே வளைந்த யாழ். அந்தச் சிற்பங்களில் கணிசமானவை எழும்பூர் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன, ராயபுரத்திலிருந்து எவ்வளவு தூரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். ஆனால் கொண்டுபோனவர் தமிழரா, ஆந்திரக் கரைக்காரரா, வங்காளத்திலிருந்து போனவரா என்று பெயர் எழுதிய சாட்சி எதுவும் கிடையாது. அதனால் அந்தச் செய்தியை அப்படியே அடுத்தவருக்கு அனுப்ப வேண்டாம்.

எனக்கு உறுத்துவது வேறு. மாதவியின் கையில் இருந்த வாத்தியம் நம்மிடம் வாசிப்பில் இல்லாமல் போனது. பேரியாழுக்கு 21 நரம்பு, சகோடயாழுக்கு 14 நரம்பு என்று கணக்கு நமக்குத் தெரியும், எந்த விரல் எந்த நரம்பில் என்று சொல்ல ஆள் இல்லை. விபுலானந்த அடிகள் பல வருடம் பாடுபட்டு 1947-இல் யாழ் நூலை அரங்கேற்றியதும், இப்போது சென்னையில் தருண் சேகர் மரத்தைக் குடைந்து யாழைத் திரும்பச் செய்வதும் அறுந்த நூலை எடுத்துக் கட்டும் வேலை. பர்மாவில் அந்த நூல் அறவில்லை. அதனால் அவர்களுடையதை "எங்களுடையது" என்று சொல்வதைவிட, அவர்கள் எப்படிக் காப்பாற்றினார்கள் என்று கேட்பதுதான் நமக்கு உதவும்.

கேள்வி: நான் வீட்டில் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுக்கிறேன். சரளி வரிசை மாதிரி அவர்களுக்கும் ஏதாவது உண்டா? எப்படிக் கற்றுக்கொடுப்பார்கள்?
– இசை ஆசிரியை, பெரம்பூர்

பதில்: அம்மா, நீங்கள் கேட்டதற்கு நன்றி, எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஸ்வர வரிசையில் தொடங்காமல் நேராகப் பாட்டில் தொடங்குவது அவர்கள் மரபு. "ஜோ" என்று ஒரு பாட்டு வகை, ஜோ என்றால் நரம்பு. அதில் 13 பாட்டுகளை வரிசை மாறாமல் முதலில் கற்க வேண்டும். கை வைக்கும் முறை, அலங்காரம், முடிப்பு எல்லாம் அந்தப் பதின்மூன்றுக்குள் பொதிந்திருக்கும், நம் கீதங்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வாசிப்பார், பிள்ளை பார்த்து வாசிக்கும், திரும்ப வாசிப்பார். காகிதம் இல்லாமலே நூற்றாண்டுகளாக இப்படித்தான்.

தாளம் பாடுகிறவர் கையில். ஒரு கையில் "சீ" என்ற சின்ன ஜால்ரா, மறு கையில் "வா" என்ற மூங்கில் கட்டை. யாழ்காரர் அந்தத் தாளத்தை அப்படியே ஒட்டிப் போகாமல் கொஞ்சம் முந்தியும் பிந்தியும் சுற்றி வந்து சரியான இடத்தில் சேர்வார். மியின்ட் மௌங் வாசிப்பில் இந்தச் சேர்கிற இடத்தைக் கவனியுங்கள், அவ்வளவு மெதுவான பாட்டிலும் தடுமாற்றமே இருக்காது.

கையைச் சொல்ல மறந்துவிட்டேன். யாழின் உடல் மடியில், வளைந்த கழுத்து இடப்பக்கம். வலக்கை விரல்கள் வெளிப்பக்கமிருந்து மீட்டும். இடக்கைக் கட்டைவிரல் நரம்புகளுக்கு உள்பக்கம் இருக்கும், நாதத்தை நிறுத்தவும் அதுதான், நகத்தால் நரம்பை அழுத்தி ஸ்வரத்தை உயர்த்தவும் அதுதான். வீணையில் நீங்கள் தந்தியை இழுத்துக் கொண்டுவரும் கமகத்தை அவர்கள் ஒற்றை நகத்தால் கொண்டுவருகிறார்கள்! பாட்டு வகை மாறினால் சுருதி அமைப்பும் மாறும், அதற்குக் கழுத்தில் சுற்றிய சிவப்புப் பருத்திக் கயிறுகளை ஒவ்வொன்றாக முறுக்கி நகர்த்த வேண்டும். முன்பு பட்டு நரம்பு, இப்போது பெரும்பாலும் நைலான். மேலே மான் தோல், அரக்குப் பூச்சு.

கேள்வி: 'ஊ' பா தான் என்கிறீர்களே, ஊ என்பது இனிஷியலா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இல்லை. மாமா, ஐயா மாதிரி மரியாதைச் சொல். பெண்களுக்கு 'டோ'. செகண்ட் லைன் பீச்சில் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) சாப்பிடும்போது கடைப் பெரியவரிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

கேள்வி: தாத்தா சில பர்மியப் பாட்டுகளை முணுமுணுக்கிறார். வரிகள் பாதிதான் நினைவிருக்கிறது. இதை வைத்து நான் ஏதாவது செய்ய முடியுமா?
– மறுபடி அதே வியாசர்பாடி வாசகி

பதில்: இந்த வாரமே செய்யுங்கள். மின்விசிறியை அணைத்து, ஃபோனை மேசைமேல் ஒரு துண்டு மடித்து அதன்மேல் வையுங்கள், கையில் பிடிக்க வேண்டாம். "பாடுங்கள் தாத்தா" என்று கேட்டால் கூச்சப்படுவார். அந்த வீடியோவைப் போட்டுவிட்டு சும்மா பக்கத்தில் இருங்கள், தானாகச் சேர்ந்து முணுமுணுப்பார். வரி மறந்த இடத்தில் எடுத்துக்கொடுக்க வேண்டாம், ராகம் மட்டும் தொடரட்டும். முடித்ததும் இதை எங்கே கேட்டீர்கள், யார் வீட்டு ரேடியோ, எந்தத் தெரு என்று கேளுங்கள். ரங்கூன் நகர்மையத்தில் பல தெருக்களுக்கு எண்தான் பெயர், எண்ணைச் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் காலனியில் பர்மாவிலிருந்து வந்த அவர் வயதுக்காரர்கள் இன்னும் நாலைந்து பேராவது இருப்பார்கள், ஒருநாள் சாயங்காலம் அவர்களையும் கூப்பிட்டு மொய்ங்கா (மீன் குழம்பு ஊற்றிய பர்மிய நூடுல்ஸ்) வைத்துக் கொடுத்தால், ஒருவர் மறந்த வரியை இன்னொருவர் பாடிவிடுவார்.